நடப்பவருக்கு முந்திய ஸலாம்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையை அறிந்தவர்களுக்கு அதன் இரு பக்கங்களையும் விவரிக்க வேண்டியதில்லை. ஊரின் தறிச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் கரிசல் காடு தொடங்கிவிடும். சீமைக் கருவேல மரங்கள், நீர் கண்டு நாளான கண்மாய்கள், கிணற்றை நம்பிச் சிலர் வைத்திருக்கும் மல்லிகைத் தோட்டங்கள். இந்தச் சாலையில்தான் ஆண்டுக்கொரு முறை, அரையாண்டு விடுமுறையில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு நாங்கள் நிதி திரட்டும் நடைப்பயணம் ஒன்றை நடத்தி வருகிறோம்.

எங்கள் மஹல்லாவிலும் அண்டைத் தெருக்களிலும் சிறுநீரகம் பழுதாகி, டயாலிஸிஸ் செய்துகொள்ள வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதுரைக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்றுக்கொண்டாலும், பேருந்துக் கட்டணத்தையும் உடன் செல்பவர் இழக்கும் நாள் கூலியையும் ஏற்பார் இல்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்பவே இந்த நடை. எந்தச் சமயத்தவரும் நடக்கலாம். எவருக்கும் உதவி சேரும். நடப்பவர் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைத் தருவார்; தமக்கு வேண்டியவர்களிடமும் கேட்டு வாங்கித் தருவார். இதை முன்னின்று நடத்தும் நாங்கள் ஆறேழு பேர். அறுபதைக் கடந்தவர்களும் எங்களில் உண்டு. முப்பதைத் தொடாதவர்களும் உண்டு.

எங்களைப் பற்றிய ஒரு குறையைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முந்திய ஆண்டு நடையின்போது, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் பாதுகாப்புக்கு வருவதாகச் சொல்லி மோட்டார் சைக்கிள்களில் முன்னும் பின்னும் வந்தார்கள். கையில் கொடி, வாயில் விசில், விடாத ஹாரன். எங்களுக்கும் அது ஒரு கம்பீரமாகவே தோன்றியது. மல்லிகைத் தோட்டம் ஒன்றின் அருகே, மொட்டுப் பறித்துவிட்டு வரப்பிலிருந்து சாலை ஏறிய மூதாட்டி ஒருவரை ஒரு வண்டி உரசிச் சென்றது. அவர் விழவில்லை. ஆனால் கூடை கவிழ்ந்தது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்துக் குறைவு என்பதும், ஒரு கூடை நிறைய எத்தனை செடிகளில் குனிந்து நிமிர வேண்டும் என்பதும் இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். வண்டியில் சென்ற பிள்ளை திரும்பிப் பார்த்து, "ஓரமா வரக்கூடாதா ஆத்தா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். எங்களில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு சொன்னார்:

"தர்மத்துக்குத்தானே நடக்குறீக? நடக்குறவகளுக்குத் தடம் விட மாட்டேங்கிறீகளே."

அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. நடை தொடர்ந்தது. நிதியும் நன்றாகவே சேர்ந்தது. கணக்கை வாசித்தபோது எவரும் அந்தக் கூடையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அடுத்த ஆண்டுக்கான ஆலோசனையில் முதல் தீர்மானமாக, சக்கரம் வைத்த எதுவும் நடைக்கு வரக்கூடாது என்று முடிவு செய்தோம். காரணத்தைச் சொல்லாமலே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் எங்களில் மூத்தவரின் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் மூவர் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்தார்கள். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, அவளுக்கு இளைய தம்பியர் இருவர். மூவரிடமும் ஆளுக்கொரு ஸ்கேட்போர்டு. நாலு சக்கரம் பொருத்திய அந்தச் சறுக்குப் பலகையை இந்த ஊர்த் தெருவில் அதற்குமுன் நாங்கள் கண்டதில்லை. நன்னா நடையைப் பற்றிச் சொல்லவும், "நாங்களும் வரலாமா நன்னா, போர்டோட?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

விஷயம் பள்ளிவாசல் திண்ணைக்கு வந்தது. சக்கரம் கூடாது என்று தீர்மானித்த மை காயவில்லை. அதற்குள் சொந்தப் பேரப்பிள்ளைகளுக்கு விலக்கா என்றார் ஒருவர். பொம்பளைப் பிள்ளை நடுரோட்டில் பலகை ஓட்டுவதா என்றார் இன்னொருவர். தலையில் முக்காடும் தளர்ந்த உடையுமாக நன்னாவின் பின்னால் நின்ற அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஹஜரத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நடந்து போறவங்களை நீங்க தாண்டிப் போகணும்னா என்னம்மா செய்வீங்க?"

"ஆள் இருக்கிற இடத்துல இறங்கிடுவோம் ஹஜரத். போர்டைக் கையில தூக்கிட்டு நடப்போம். முன்னாடி இடம் காலியா இருந்தா மட்டும் ஏறுவோம்."

"அப்படின்னா பாதி தூரம் நடக்கத்தானே வேண்டியிருக்கும்?"

"பரவாயில்ல ஹஜரத். நடைதானே."

ஹஜரத் சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்தது. ஆனாலும் எங்களில் பலருக்கு நம்பிக்கை இல்லை. கேட்கும்போது எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

அன்று காலை மார்கழிப் பனி கண்மாய்க் கரையை மறைத்திருந்தது. காவல்துறை அனுமதியோடு சாலையின் இடப்பக்கமாக நடந்தோம். வெள்ளைத் தொப்பிகளும் புர்காக்களும் நடுவே நெற்றியில் திருநீறுமாகக் கூட்டம் நீண்டிருந்தது. பிள்ளைகள் மூவரும் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிந்து, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி வரிசையில் வந்தார்கள். ஊர் எல்லை தாண்டிக் கூட்டம் இளகிய பிறகே முதல் முறையாக ஏறினார்கள்.

அதன்பின் நாங்கள் அவர்களையே பார்த்துக்கொண்டு நடந்தோம் என்பதுதான் உண்மை. தவறு செய்வார்கள், கண்டிக்கலாம் என்ற எண்ணம் ஒளிந்திருந்த பார்வை அது. பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். முன்னே எவரேனும் நடந்துகொண்டிருந்தால் பத்தடிக்கு முன்பே காலைத் தரையில் ஊன்றி வேகத்தைத் தணித்தார்கள். இறங்கினார்கள். பலகையின் ஓரத்தைக் காலால் மிதித்து, எழும்பி வரும் மறுமுனையைக் கையால் பிடித்தார்கள். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றோ "வணக்கம் தாத்தா" என்றோ சொல்லிக்கொண்டு வலப்புறமாகக் கடந்தார்கள். கடந்த உடனே ஏறிவிடவும் இல்லை. இன்னும் பத்தடி நடந்து, பின்னால் இருப்பவருக்குச் சத்தம் அதிராத தொலைவில்தான் மறுபடியும் ஏறினார்கள். முழங்கால் வலியால் பின்தங்கிய பெண்மணி ஒருவரோடு அந்தப் பெண் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் பலகையைத் தொடாமலே நடந்து வந்தாள்.

இன்னொன்றும் கண்டோம். இளையவன் அடிக்கடி இறங்கிக் குனிந்து எதையோ பொறுக்கி ஓரத்தில் போட்டான். அருகில் சென்று பார்த்தபோது சரளைக் கல்லும் கருவேல முள்ளும். "சின்னக் கல்லு மாட்டினாலே வீல் நின்னுடும் மாமா, நாம பறந்துடுவோம்" என்றான். அந்தப் பலகையின் இயல்பு எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அதன் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஒரு சுண்டைக்காய் அளவுக் கல் போதும், சக்கரம் நிற்கும், மேலே இருப்பவர் முன்னால் விழுவார். சறுக்கி விழும்போது காலிலிருந்து விடுபடும் பலகை நேரே பாய்ந்து எவருடைய கணுக்காலையாவது பதம் பார்க்கும். ஆகவே தரையைப் பார்த்தும் மனிதரைப் பார்த்தும்தான் அதை ஓட்ட முடியும். மோட்டார் சைக்கிளில் தவறு செய்தால் பெரும்பாலும் அடுத்தவர் விழுகிறார். பலகையில் தவறு செய்தால் முதலில் தானே விழ வேண்டும். பலமுறை விழுந்தவர்களிடம் வரும் பணிவு அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது.

மல்லிகைத் தோட்டம் வந்தது. பறிப்புப் பெண்கள் சாலையோரத்தில் கூடைகளை இறக்கி வைத்து நின்றார்கள். சென்ற ஆண்டின் மூதாட்டியும் அவர்களில் இருந்தார். எங்களுக்கு முகம் தாழ்ந்தது. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. மூவரும் தூரத்திலேயே இறங்கி, பலகையைத் தூக்கிக்கொண்டு, கூடைகளைச் சுற்றி வந்தார்கள்.

"வணக்கம் பாட்டி."

"என்னப்பு, வண்டியைத் தூக்கிட்டு நடக்குறீக? வண்டி உங்களைத் தூக்காதா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் ஒரு கை மொட்டை அள்ளி அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். பின்னால் வந்த எங்களையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நடை முடிந்து சுக்குக்காப்பியும் சுண்டலும் வழங்கிக்கொண்டிருந்தபோது ஹஜரத் எங்களை அருகில் அழைத்தார். ஸலாம் சொல்வதில் யார் முந்த வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நினைவூட்டினார். வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கு, நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கு, சிறு கூட்டம் பெரிய கூட்டத்துக்கு என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி. மதரஸாவில் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்ததுதான். எவர் உயரத்திலும் வேகத்திலும் இருக்கிறாரோ அவர்தான் முதலில் பணிய வேண்டும் என்ற பொருள் அதற்குள் இருப்பதை அன்று உணர்ந்தோம். ஸலாம் என்பது என்னால் உனக்குத் தீங்கு வராது என்ற உறுதிமொழியும் அல்லவா? ஹாரன் அடிப்பவர் சொல்வது, நான் வருகிறேன், விலகு என்று. ஸலாம் சொல்பவர் சொல்வது, நான் வருகிறேன், அஞ்சாதே என்று.

ஹஜரத் இன்னொரு செய்தியையும் சொன்னார். இறுதி ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து பெருங்கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒட்டகங்களை அதட்டி விரட்டும் சத்தம் கேட்டது. நபியவர்கள் மக்களை அமைதி காக்கும்படி பணித்து, நன்மை என்பது விரைந்து ஓட்டுவதில் இல்லை என்று உணர்த்தினார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் எப்படிச் சென்றார்கள் என்று உஸாமா (ரலி) அவர்களிடம் பின்னாளில் கேட்டபோது, கூட்டத்தில் நிதானமாகவும், இடைவெளி கிடைத்த இடத்தில் சற்று விரைவாகவும் சென்றதாகக் கூறினார்கள்.

"இந்தப் புள்ளைங்க இன்னைக்குச் செஞ்சது வேற என்ன?" என்று கேட்டுவிட்டு ஹஜரத் காப்பியைக் குடித்தார்.

அன்று மாலை நன்னாவின் வீட்டில் பேச்சு நீண்டது. சறுக்குப் பலகைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தானா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டோம். இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள். பல நாட்டு நகரங்களில் அவர்களுக்கு நல்ல பெயர் இல்லை. நடைபாதையில் பாய்வார்கள், படிக்கட்டின் விளிம்பை உரசித் தேய்ப்பார்கள் என்பதால், பொது இருக்கைகளில் இரும்புக் குமிழ்களை அடித்து அவர்களைத் தடுத்த ஊர்களும் உண்டு. பலகை எவருக்கும் பண்பைக் கற்பித்துவிடுவதில்லை. அதைச் சுற்றி எப்படிப்பட்ட வழக்கத்தை வளர்க்கிறார்கள் என்பதே முக்கியம் என்பதற்கு அவள் சில எடுத்துக்காட்டுகளைச் சொன்னாள்.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு சிற்றூர். ஜெர்மானியப் பெண்மணி உல்ரிக் ரைன்ஹார்டின் முயற்சியால் 2015இல் அங்கே ஒரு சறுக்குப் பலகைக் களம் அமைந்தது. ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் வாழும் ஊர். களத்துக்கு இரண்டே விதிகள். பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை என்பது ஒன்று. பெண்பிள்ளைகளுக்கு முதலிடம் என்பது மற்றொன்று. ஒரு சிறுமி வந்து கேட்டால் பையன் பலகையைக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் களத்தில் பழகிய ஆஷா கோண்ட் 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சென்றார். காபூலிலும் 2007இல் ஆஸ்திரேலியர் ஒருவர் கொண்டுவந்த சில பலகைகளிலிருந்து 'ஸ்கேட்டிஸ்தான்' என்ற அமைப்பு பிறந்தது. சைக்கிள் ஓட்டவே தயங்கிய ஊரில் சிறுமிகள் பலகை ஏறினார்கள். அதன் வழியே எழுத்தும் படித்தார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப் படம் 2020இல் ஆஸ்கர் விருது பெற்றது.

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் நடந்த பெண்கள் இறுதிப் போட்டியில், உலகச் சாம்பியனாக இருந்த ஜப்பான் சிறுமி மிசுகு ஒகமோட்டோ, பதக்கத்துக்கான கடைசி முயற்சியில் விழுந்து நான்காம் இடத்துக்குப் போனாள். அழுதுகொண்டு வெளியே வந்தவளை, அவளோடு போட்டியிட்ட பிற நாட்டுச் சிறுமிகள் ஓடிவந்து தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்தக் காட்சியை அலைபேசியில் எங்களுக்குக் காட்டினாள். வென்றவளைத் தூக்குவதைக் கண்டிருக்கிறோம். விழுந்தவளைத் தூக்குவதை அன்றுதான் கண்டோம்.

தர்மத்துக்கான பயணத்தில் காலும் சக்கரமும் சேர்ந்து போகும் வழக்கமும் புதிதல்ல. புற்றுநோயால் வலக்காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி, ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். நோய் திரும்பியதால் பாதியில் நிறுத்தி, மறு ஆண்டே இறந்தார். 1981 முதல் அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் நடக்கலாம், ஓடலாம், சக்கரத்திலும் வரலாம். போட்டி மட்டும் கிடையாது. முந்துவதற்குப் பரிசு இல்லாத இடத்தில்தான் வேகமானவரும் மெதுவானவரும் ஒரே பாதையைப் பகிர முடியும் போலும்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவர் நெடுநேரம் பேசாமலே இருந்தார். கூடையைக் கவிழ்த்த பிள்ளையின் தந்தை அவர். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதரிடமே தீர்க்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மறுநாள் விடியலில் மகனை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். எங்களில் இருவரும் உடன் சென்றோம். தோட்டத்துக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம்.

பையன் மூதாட்டியின் முன்னால் நின்றான். சொல் வரவில்லை. கடைசியில், "ஆத்தா, போன வருசம் உங்க கூடையைத் தட்டிவிட்டது நாந்தான். மன்னிச்சிருங்க" என்றான்.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூ சிந்துனதுக்குத்தான் அன்னைக்கே காசு குடுத்துட்டாகளே. அது போகட்டும். எனக்கு அடி பட்டுச்சா இல்லையான்னு ஒருத்தரும் கேக்கல. அதுதான் மனசுல கெடந்துச்சு." சற்று நிறுத்தி, "இப்பக் கேட்டுட்டீகள்ல. போங்கப்பு" என்றார்.

பணத்தால் தீர்ந்துவிட்டது என்று ஓராண்டாக நாங்கள் எண்ணியிருந்த கணக்கு அந்தக் காலையில்தான் தீர்ந்தது. பையனின் தந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பும்போது எவரும் பேசவில்லை. ஆள் நடமாடும் இடம் கடக்கும்வரை அந்தப் பிள்ளை வண்டியை உருட்டிக்கொண்டே வந்தான்.

பேரப்பிள்ளைகள் விடுமுறை முடிந்து சென்னை திரும்பிவிட்டார்கள். ஆலோசனைக் கூட்டத்தில் சக்கரம் பற்றிய தீர்மானத்தை மாற்றி எழுதினோம். சக்கரம் வரலாம், கூட்டத்தில் இறங்க வேண்டும், கடப்பவர் ஸலாமோ வணக்கமோ சொல்ல வேண்டும், ஹாரன் கூடாது. இதை நடைக்கு மட்டும் வைக்காமல், ஜும்ஆ முடிந்து கலையும் நேரத்தில் எங்கள் பள்ளிவாசல் தெருவுக்கும் பொதுவாக்கலாம் என்று அந்தப் பையனே சொன்னான். இப்போது ஜும்ஆவுக்குப் பின் தெருமுனைவரை வண்டிகளை உருட்டிச் செல்கிறோம். எல்லோரும் செய்வதாகச் சொல்ல முடியாது. மறந்து ஹாரனில் கை வைத்துவிட்டு, எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறோம். நாங்களும் அப்படி எடுத்துக்கொண்டதுண்டு.

பாதைக்கு உரிய கடமைகளைப் பாதையிலேயே நிறைவேற்றும் மக்களாகவும், நம்மை விட மெதுவாக நடப்பவருக்கு நாமே முந்தி ஸலாம் சொல்லும் மக்களாகவும் அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.